ஓவல் மைதானத்துப் பொன்

என் மனைவியின் தாலி கொஞ்சம் சிவப்பு. மற்றப் பெண்களின் தாலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கோயிலில் யாராவது உற்றுப் பார்த்து, "இதென்ன, பழைய பவுனோ?" என்று கேட்டால், "ஓம், பழசுதான்" என்று மட்டும் சொல்வாள். அதற்கு மேல் சொல்வதென்றால் ஓர் உதைபந்தாட்டத்தில் தொடங்கவேண்டும். விக்டோரியா மகாராணி உயிரோடு இருந்த காலத்தில், லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த ஒரு வெற்றிக்கிண்ண இறுதி ஆட்டம். கோயில் வாசலில் நின்று யார் இதைக் கேட்பார்கள்?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்த நாட்களிலும் பந்தடித்ததில்லை, கால் முறிந்துவிடும் என்ற பயம். எதற்கும் பயப்படுகிற பிறவி. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருவேன். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலத்தில் அந்தப் பயம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டது, ஒரே பாயில் படுத்தது.

டூட்டிங்கில், வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து அறையில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர். என்னைவிட மூத்தவர், ஆகவே எனக்கு அண்ணை. இருவருக்கும் ஒரே பெற்றோல் நிலையத்தில் வேலை. வீட்டுக்கார அம்மா கலியாணம் செய்யாதவர். எண்பது வயது தாண்டியும் படியெல்லாம் தானே துடைப்பார். எங்கள் மீன்குழம்பு வாசத்தைப் பற்றி ஒரு நாளும் முறைப்பாடு சொன்னதில்லை. ஒருதரம் மட்டும் சமையலறை யன்னலைத் திறந்துவிட்டு, தொப்பி போட்டுக்கொண்டு பூங்காவில் போய் இருந்துவிட்டு வந்தார்.

எனக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் கொழும்பிலிருந்து வந்து, மனோர் பார்க்கில் தமையன் வீட்டில் இருந்தாள். எல்லாம் சரி, பொன்னுருக்கு மட்டும் என் மனதில் முள்ளாகக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு முன் ஒரு நல்ல நாளில், மாப்பிள்ளையின் தாய் தகப்பன் எடுத்துக் கொடுக்கிற பவுன் காசைப் பத்தர் எல்லோர் முன்னிலையிலும் உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. லண்டனில் பவுன் காசு வாங்க முடியாதா? முடியும். யார் கையால் கொடுப்பது? அப்பா செத்துப் பல வருடம். அம்மா ஊரில். சண்டைக்குள் ஊரோடு தொடர்பே அற்றுக் கிடந்தது. அம்மா உயிரோடு இருக்கிறாரா என்பதே எனக்கு நிச்சயமில்லை.

"கடையிலை வாங்கி நானே எடுத்துத் தாறன், பேசாமல் இரு" என்றார் அண்ணை.

"நீங்கள் என்ரை அம்மாவோ?"

"மீசை இருக்கிறதுதானே உனக்குக் குறை? வழிச்சுப்போட்டு வாறன்."

நான் சிரிக்கவில்லை. தாய் கையால் வராத பொன் நிலைக்காது என்று யாரும் சொன்னதில்லை. நானே சொல்லி நானே பயந்துகொண்டிருந்தேன். சமையலறையில் தேநீர் ஆற ஆற இருந்த என்னைப் பார்த்து வீட்டுக்கார அம்மா என்ன விசயம் என்று கேட்டார். தெரிந்த ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சொன்னேன். தாய் வேண்டும், தங்கம் வேண்டும், நெருப்பு வேண்டும். அவர் மூன்றையும் சேர்த்து எப்படியோ விளங்கிக்கொண்டார். மேலே போய் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்து என் முன் வைத்தார்.

உள்ளே ஒரு தங்கப் பதக்கம். ஒரு பக்கம் பந்தும் மாலையும் செதுக்கியிருந்தது. மறுபக்கம் ஒரு பெயர், ஆண்டு, இறுதி ஆட்டத்தில் வென்றவர் என்ற சொற்கள். அவருடைய தகப்பனாரின் பதக்கம்.

அந்த ஆட்டத்தை அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். ஆனால் நானே தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்ததுபோல் மனதில் இருக்கிறது. தகப்பனார் வடக்கே ஒரு நெசவாலையில் தறி ஓட்டியவர். இரவெல்லாம் ரயிலில் இருந்து வந்து, காலையில் லண்டனில் இறங்கி, பிற்பகல் ஆடினார்களாம். ஓவல் அப்போதும் கிரிக்கெட் மைதானம்தான், இறுதி ஆட்டத்துக்கு மட்டும் அதில் உதைபந்து. பக்கத்தில் பெரிய காஸ் தாங்கிகள். கோலுக்கு வலை கிடையாது. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று ஆட்டக்காரர்களே கத்திச் சண்டை பிடிப்பார்கள். தோல் பந்து மழையில் ஊறினால் கல். சப்பாத்தின் அடியில் தோல் பட்டை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். அப்படி ஒரு சப்பாத்து, முதல் பாதி முடிகிற நேரத்தில், தகப்பனாரின் முழங்காலில் இறங்கியது.

மாற்று ஆள் இறக்குகிற வழக்கம் அன்றைக்கு இல்லை. வெளியே போனால் அணிக்கு ஓர் ஆள் குறையும். முழங்காலைச் சால்வையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மைதானத்தின் ஓரத்தில், கோட்டோடு ஒட்டி நின்றார். இரண்டாம் பாதி முழுவதும் நின்றார். பந்து தன்னிடம் வந்துவிடக் கூடாது என்று கடவுளைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாராம். வரவில்லை. அவருடைய ஆட்கள் வென்றார்கள்.

"ஓடாமல் நின்றதற்குக் கிடைத்த தங்கம் இது" என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் சொன்ன ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன்.

அந்தக் கால் பிறகு மடங்கவில்லை. தறியில் நிற்க முடியாதவனை ஆலை வைத்திருக்குமா? குடும்பம் லண்டனுக்கு வந்தது. அவர் பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மதுக்கடையாகப் போவார். பதக்கத்தைக் காட்டினால் யாராவது குடிக்க வாங்கிக் கொடுப்பார்கள். கதை கேட்க ஆள் இல்லாத நாளில் பதக்கத்தையே அடகு வைத்தார். அதை மீட்க அவருடைய மனைவி தன் கலியாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாராம். மோதிரம் திரும்பி வரவேயில்லை.

"என் அம்மா வெறும் விரலோடுதான் செத்தார். இது அவருடைய மோதிரத்தைத் தின்ற தங்கம். இதை ஒரு பெண்ணின் கழுத்துக்குக் கொடு" என்று சொல்லிப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

மேலே ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன்.

"இந்தப் பொன்னாலை ஒரு குடும்பமே நாசமாப் போயிருக்கு அண்ணை. இதிலையோ தாலி?"

"உருக்கினால் நாசமும் சேர்ந்து உருகும். குடுக்கிற கையைப் பார். கிழவி உனக்குத் தாயா வந்து நிக்குது. வேண்டாம் எண்டு சொல்ல உனக்கு வாய் வருமோ?"

வரவில்லை.

பொன்னுருக்கு எங்கள் சமையலறையில் நடந்தது. நிறைகுடம், குத்துவிளக்கு, தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய். பத்தர் ஒரு நகைக்கடையின் பின் அறையில் ஒளித்து வேலை செய்தவர். அவருக்கு இந்த நாட்டில் இருக்க எந்த அனுமதியும் கிடையாது. வந்த கையோடு யன்னல் சீலையை இழுத்து மூடினார். வீட்டுக்கார அம்மா தேவாலயத்துக்குப் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். சொல்லிக் கொடுத்தபடி பதக்கத்தை வெற்றிலை மேல் வைத்து, இரண்டு கையாலும் தட்டத்தை எடுத்துத் தந்தார்.

பத்தர் பதக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதிலை ஆற்றையோ பேர் கிடக்கு. உருக்கட்டோ?"

"உடைமைக்காரியே கையாலை தந்திருக்கிறா, பத்தர். நீங்கள் ஊதுங்கோ" என்றார் அண்ணை.

"ஊதுறன். பிறகு என்னைக் கேளாதேங்கோ." சுரண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மாற்றுக் குறைவு. செம்பு தூக்கலா நிக்குது. தாலி சிவக்கும்."

என்ன சொல்கிறார் என்று அம்மா கேட்டார். "அருமையான தங்கமாம்" என்று அண்ணை ஆங்கிலத்தில் கூசாமல் சொன்னார்.

நெருப்பு பட்டதும் முதலில் போனது எழுத்துகள்தான். நான் எழுத்துக் கூட்டி வாசித்து வைத்திருந்த பெயர், ஒவ்வொரு எழுத்தாக மினுங்கி, கரை இழந்து, இல்லாமல் போனது. பிறகு பந்து. பிறகு மாலை. கடைசியில் பொன் உருக்குகிற மண்குகைக்குள் ஒரு சிவந்த துளி உருண்டு நின்றது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்திருப்பவர்போல் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலியாணம் முடிந்து மனைவி அந்த வீட்டுக்கே வந்தாள். அவளும் அம்மாவும் எந்தப் பாசையில் பேசினார்களோ தெரியாது. கீழே இரண்டு பேருடைய சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்த நாட்களில் பஸ் நிறுத்தத்தில் எங்கள் பெண்களின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவது வழக்கமாகியிருந்தது. அவள் வெளியே புறப்படும்போதெல்லாம் அம்மா வாசலில் மறித்து, வெளியே தொங்கும் தாலியைப் பிடித்து, சுவெற்றரின் கழுத்துக்குள் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார். ஒவ்வொரு நாளும். மறந்து கதவடிவரை போனாலும் கூப்பிட்டு மறிப்பார்.

அடுத்த மாரியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. மனைவிதான் தரையில் கிடந்தவரைக் கண்டு அம்புலன்ஸுக்கு அடித்தாள்.

அம்மாவுக்கு இருந்த ஒரே சொந்தம் ஒரு மருமகன், தமையனின் மகன். நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் வந்து போகும் ஆள். இப்போது வந்து வீட்டைப் பார்த்தார், பத்திரங்களைத் தேடினார். பிறகு வெறும் பெட்டியோடு சமையலறைக்கு வந்தார்.

"இதற்குள் இருந்தது எங்கே?"

அம்மா தந்தார் என்றேன். எங்கே என்று மறுபடியும் கேட்டார். உருக்கினோம் என்றேன். சொன்ன பிறகுதான் அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. நகையைக் களவெடுக்கிறவன் முதலில் செய்கிற வேலையை நானே என் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டேன். தாலி, தாய், சடங்கு என்று மிச்சத்தைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார்.

"என் பாட்டனின் கல்லறையில் கல் கிடையாது. வைக்கக் காசில்லை. அவர் பெயர் இந்த உலகத்தில் எழுதியிருந்தது அந்த ஓர் இடத்தில்தான்" என்றார். அம்மாவின் தமையனான தகப்பன் அவருக்குச் சொன்னது வேறு ஆட்டம். உடைந்த காலோடு ஓடி ஓடி அணியை வெல்ல வைத்த வீரனின் ஆட்டம். அடகும் மோதிரமும் அந்தக் கதையில் இல்லை. பாட்டனின் ஊரில் பதக்கத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கேட்டிருந்தார்களாம்.

எழும்பும்போது குரல் மாறியிருந்தது. வெள்ளிக்கிழமை பொலீசுக்குப் போவேன் என்றார்.

விண்ணப்பம் முடிவாகாதவன் மேல் களவு வழக்கு. பிடித்து அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்தில் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். சாட்சிக்கு யார்? பத்தர் பொலீஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே லண்டனை விட்டுப் போய்விட்டார். அண்ணை வருவார். ஆனால் எங்கள் ஆளுக்கு எங்கள் ஆள் சொல்லும் சாட்சிக்கு என்ன மதிப்பு?

"அதே எடைக்குப் பவுன் வாங்கிக் குடுத்துவிடுவம்" என்றார் அண்ணை.

"அவருக்குப் பொன் வேண்டாம், அண்ணை. எழுத்துத்தான் வேணும்."

மனைவி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, தந்த மனுசி உயிரோடைதானே இருக்கிறா. அவவிட்டையே கேப்பம்."

"அவவுக்குக் கதைக்க ஏலாது."

"கேக்க ஏலும்தானே?"

"அந்தாளும் அங்கை நிக்கும்."

"நிக்கட்டும். அவர் பாக்கத்தானே வேணும்? நீங்கள் வராட்டில் நான் தனியப் போறன்."

தனியே விட முடியுமா? போனேன்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். மருமகன் கட்டிலின் ஒரு பக்கம் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். மனைவி அவரைப் பார்க்கவேயில்லை. நேரே மறுபக்கம் போய், குனிந்து, தாலியை வெளியே எடுத்து அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்தாள். எனக்கு ஆங்கிலமாவது பாதி வரும். அவளுக்கு அதுவும் இல்லை. "யூ கிவ் மீ, அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒரு பக்கம் கோணிய வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. பிறகு இடது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல எழும்பி வந்து தாலியைப் பிடித்தது. பிடித்து, தன் பக்கம் இழுத்தது.

"பார்த்தீர்களா? திருப்பிக் கேட்கிறார்" என்றார் மருமகன்.

தாலிக்கொடி பின்கழுத்தில் அறுக்க, மனைவி இன்னும் குனிந்தாள். கை விடவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கழற்றிக் கொடு என்று சொல்ல வாய் திறந்தேன். புருசன் உயிரோடு நிற்கப் பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாத சொல். அது பாதி வாயில் வந்துவிட்டது.

அப்போது அந்தக் கை அசைந்தது. மனைவியின் சுவெற்றர்க் கழுத்தைத் தேடியது. ஒருதரம் தவறி, கன்னத்தில் பட்டு, மறுபடியும் தேடியது. தாலியை அதற்குள் தள்ளியது. முழுவதையும் உள்ளே விட்டுவிட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டியது.

மருமகன் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அந்த வீட்டு வாசலை நத்தார் அன்றைக்கு மட்டும் கண்டவர். ஆனால் அத்தனை பழக்கமாக ஒரு கை அந்த வேலையைச் செய்வதைக் கண்டபின் அவருக்கு ஒன்றும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது, மன்னிப்புக் கேட்கவாக இருக்கலாம்.

நடைபாதையில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி சொன்னார்: "பொலீசுக்குப் போகமாட்டேன். மாத முடிவில் வீட்டை விடுங்கள். அவர் செத்தால் அடக்கத்துக்கு வராதீர்கள்."

மாத முடிவு வரும் முன்பே அம்மா செத்துப்போனார். நாங்கள் அடக்கத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு மனைவி சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அழுதாள். நான் வாசலையே பார்த்தபடி இருந்தேன். மருமகன் மனம் மாறிப் பொலீசைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாரோ என்று. பிறகு கிங்ஸ்பரியில் ஓர் அறைக்கு மாறினோம். அங்கேயும் கதவு தட்டினால் நான் உடனே திறப்பதில்லை.

"அவர் வரமாட்டார் அப்பா" என்பாள் மனைவி.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்தான். கடைசியாக அதை வாசித்தவர்கள் பத்தரும் நானும். பத்தர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. மருமகன் எங்கே என்றும் தெரியாது. அந்தப் பெயர் நான் மறந்தால் போய்விடும். அதனால் சில நாட்களில் வேலைக்கு நடக்கும்போது எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் ஓர் எழுத்து ஒன்றா இரண்டா என்று இப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டூட்டிங்கில் மரக்கறி வாங்கிக்கொண்டு நோர்தர்ன் லைனில் திரும்பிக்கொண்டிருந்தோம். மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஓவலில் ரயில் நின்றது. கதவு மூடவில்லை, ஏதோ சிக்னல் கோளாறு. எங்கள் தலைக்கு மேலே எங்கேயோ அந்தப் புல் இருக்கிறது. அதன் ஓரத்தில் கோட்டோடு ஒட்டி, பந்து வரக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு நின்ற மனிதரை நினைத்தேன். அந்தக் கூட்டத்தில் எனக்கு விளங்குகிற ஆள் அவர் ஒருவர்தான்.

திரும்பிப் பார்த்தால் மனைவியின் தாலி சுவெற்றருக்கு வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. மெல்லப் பிடித்து, கழுத்துக்குள் விடப் போனேன். எதிரே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஆள் பேப்பரைக் கீழே இறக்கி, தங்கத்தில் இருந்த என் கையைப் பார்த்தார்.

நான் கையை எடுத்துவிட்டேன்.